ஐந்தாம் நாடாவின் மேல் இருந்த விரல்கள்

கோலப்பாளையத்தில் மாதத்துக்கு ஒரே ஒரு நாள்தான் ஊருக்குக் காது கேட்கும். மற்ற நாளெல்லாம் தெருவுக்குத் தெரு தறிக்கூடம், கூடத்துக்குக் கூடம் முப்பது நாற்பது விசைத்தறி, ஒவ்வொரு தறியும் விடிந்ததிலிருந்து தடக்குத் தடக்கு என்று அடித்துக்கொண்டே கிடக்கும். அந்த ஊரில் தாலாட்டையும் கத்தித்தான் பாடுவார்கள், ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார்கள், ஒருவன் ஒருத்தியைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால்கூட நாலு வீட்டுக்குக் கேட்ட பிறகுதான் அது அவளுக்குப் போய்ச் சேரும். மாதத்தில் ஒரு நாள், துணைமின் நிலையத்தில் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்குத் தறி நிற்கும். அன்றைக்குத்தான் காக்கை கத்துவது கேட்கும், பக்கத்து வீட்டில் ரசம் தாளிப்பது கேட்கும், சுவர்க் கடிகாரம் இத்தனை நாளும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்பதும் தெரியவரும்.

ஊரே காலை நீட்டிப் படுக்கும் அந்த ஒரு நாளில் மைனாவதிக்கு மட்டும் இடுப்பொடிகிற வேலை. கரண்ட் இருக்கும் நாளில் தறிச் சத்தத்துக்குள் ரெக்கார்டிங் பண்ண முடியாது, சத்தம் நிற்கும் நாளில் கரண்ட் இருக்காது. கடவுள் அவளுக்கென்று யோசித்துப் போட்ட முடிச்சு அது. அவளும் விடவில்லை. இரண்டு ஆள் சேர்ந்து தூக்கினால்தான் அசையும் இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றை வாங்கி, லைன் வீட்டின் முன்னறைச் சுவரெல்லாம் பழைய மெத்தையைப் பிரித்து அடித்து, கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்து, வாசலில் 'மைனா ரெக்கார்டிங்' என்று எழுதிப் போட்டாள். பூண்டு வண்டி, பழைய இரும்பு வண்டி, மாரியம்மன் பண்டிகை, கண்ணீர் அஞ்சலி, கும்மிப்பாட்டு என்று ஊரில் ஸ்பீக்கர் வழியாக எது வந்தாலும் அது அவள் அறைக்குள் போய் வந்ததாகத்தான் இருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் துளசிமணி இருந்தாள். குழந்தைவேலுவின் கூடத்தில் நாலு தறி ஓட்டுகிறவள். நாற்பது தறி ஓடும்போதும் அதற்கு மேலே கேட்கிற குரல் அந்த ஊரிலேயே அவளுக்கு ஒருத்திக்குத்தான் இருந்தது. கீழ்த்தெருவுக் கூடங்களில் முந்நூறு பெண்கள் வேலை செய்தார்கள், ஒரு கூடத்திலும் அவர்களுக்குக் கக்கூஸ் கிடையாது. வாய்க்கால் முள்ளுக்குள் போவதற்குப் பொழுது சாய வேண்டுமென்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து இருந்து, பாதிப்பேருக்கு அடிவயிற்றில் நோவு, மீதிப்பேருக்கு அதை வெளியே சொல்ல வெட்கம். வெட்கமில்லாமல் சொன்னவள் துளசிமணி. தறிக்கு நடுவே நின்றுகொண்டு, கூடத்துக்குக் கூடம் கேட்கிற மாதிரி சொன்னாள். மனு எழுதி முந்நூறு கைநாட்டும் கையெழுத்தும் வாங்கினாள். புரட்டாசி மாதத்து மின்தடை நாளில் பேச்சுவார்த்தை என்று தாசில்தாரம்மா தேதி கொடுத்தார், ஏனென்றால் தறி ஓடுகிற நாளில் முதலாளிகள் வரமாட்டார்கள். பேசுவதற்கு எல்லோரும் சேர்ந்து நியமித்ததும் துளசிமணியைத்தான், ஏனென்றால் மற்ற முந்நூறு பேர் பேசி முதலாளிகளுக்குக் கேட்டதாக ஒரு நாளும் சரித்திரம் இல்லை.

இது இப்படி இருக்க, ஆடி மாதத்தில் மைனாவதி ஈரோட்டில் மூடிப்போன ஸ்டூடியோ ஒன்றிலிருந்து ஒரு கண்ட்ரோல் சர்ஃபேஸ் வாங்கிவந்தாள். கம்ப்யூட்டர் திரையில் மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாக இழுக்கும் வேலையை விரலாலேயே செய்கிற பலகை அது. வரிசையாக எட்டுக் குழிவு, ஒவ்வொரு குழிவிலும் அளவுக் கோடுகளை ஒட்டி மேலும் கீழும் ஓடும் ஒரு தள்ளுகட்டை. தள்ளினால் திரையில் அந்தக் குரல் கூடும், இழுத்தால் குறையும், திரையில் மாற்றினால் கட்டையும் உள்ளேயிருக்கும் மோட்டாரால் தானாக நகரும். படித்தவர்கள் அதை ஃபேடர் என்பார்கள். பார்க்க வந்த தறிக்காரப் பெண்களுக்கு அது தறியில் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா மாதிரியே இருந்ததால் நாடா என்றார்கள், ஊரில் அந்தப் பெயர்தான் நின்றது. மற்ற ஸ்டூடியோக்காரர்கள் அதன் கீழே வெள்ளை டேப் ஒட்டி 'குரல் ஒன்று', 'குரல் இரண்டு' என்று எழுதுவார்கள். மைனாவதிக்கு மனிதர்களை எண் போட்டுக் கூப்பிட வராது. ஒன்றில் பூசாரி, இரண்டில் பூண்டு ராஜகண்ணு, ஐந்தில் துளசிமணி என்று ஆள் பெயரையே எழுதி ஒட்டினாள். பலகை எழுதியதைப் படித்துக்கொண்டது.

ஆடி மின்தடை அன்று ராஜகண்ணுவின் கூவலைப் பதிவு செய்து அனுப்பிவிட்டு, சத்தம் எச்சாக இருக்கிறதே என்று இரண்டாம் நாடாவைப் பாதிக்கு இழுத்தாள். திரையில் ஒன்றும் அசையவில்லை. அந்த நேரத்தில் தெருவில் நிஜமாகவே கூவிக்கொண்டு போன ராஜகண்ணுவின் தொண்டைதான் பாதியாகக் குறைந்தது. "மலைப் பூண்டேய்" என்று கிளம்பியது "பூண்டு" என்று வரும்போது யாரோ தலையணைக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. மைனாவதி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள், நாடாவைத் தூக்கினாள், அவன் குரல் ஏறியது, இழுத்தாள், இறங்கியது. கேபிளைக் கழற்றி மாட்டினாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள், சாஃப்ட்வேரில் பலகையின் பெயரை அழித்துத் திரும்பச் சேர்த்தாள். பலகை திரையைச் சட்டை பண்ணவே இல்லை, தெருவை மட்டும்தான் மதித்தது. ராஜகண்ணு வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "ஏனுங்க மைனாக்கா, என்ற கொரலை என்னமோ நோண்டறீங்களாட்டத் தெரியுது, பூண்டு விக்கோணும், வெரசலா முடிச்சு உடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான் ஆச்சரியம். அதற்கு மேல் ஆச்சரியப்பட அந்த ஊரில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

மறுநாளே வாசலில் கூட்டம். மாமியாரை இரண்டு கோடு குறைக்கச் சொல்லி மருமகள்கள் காலையில் வந்தார்கள், மருமகளைக் குறைக்கச் சொல்லி அதே வீட்டு மாமியார்கள் மத்தியானம் வந்தார்கள், ஆக அந்த வீடுகளில் சாயங்காலம் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காமல் நல்ல அமைதி நிலவியது. பள்ளிக்கூடத்து டீச்சர் தன்னை ஒரு கோடு தூக்கிவிடச் சொன்னார். பூசாரி அம்மன் வருகிற வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தன்னை உச்சியில் வைக்கச் சொன்னார். பெண் பார்க்க ஆள் வந்த வீட்டில் சித்தப்பாவை அடியோடு இறக்கச் சொன்னார்கள், சம்பந்தம் முடிந்ததும் மறக்காமல் ஏற்றியும் விட்டார்கள். நாடா எட்டுதான், ஆள் ஆயிரம் என்பதால் முறை வைத்தார்கள். பெயர் எழுதிய டேப்பை அவரவரே வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், செத்த வீட்டுக்கு முறை கிடையாது, உடனே பார்க்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் வந்தது. துளசிமணியின் டேப்பை மட்டும் யாரும் மாற்றச் சொல்லவில்லை. ஐந்தாம் நாடா முக்கால்வாசி உயரத்தில், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது.

முதலில் அதைத் தொட்டவள் மைனாவதிதான். இதை மறைத்துப் பேச எனக்கு மனசில்லை. ஆவணி மின்தடை அன்று துளசிமணி வீட்டில் இருந்தாள், வீட்டில் இருந்தால் பேசாமல் இருக்கமாட்டாள், பேசினால் அது சுவரையும் மெத்தையையும் தாண்டி மைக்குக்குள் வந்து உட்காரும். எதிரே கண்ணீர் அஞ்சலி சொல்ல வந்த ஆள் நாலு தரம் முதலிலிருந்து ஆரம்பித்தார். இன்றைக்கு ஒரு நாள், வேலை முடியட்டும், சாயங்காலம் தூக்கிவிடலாம் என்று மைனாவதி ஐந்தாம் நாடாவைக் கால்வாசி இறக்கினாள். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது, தறி ஓடியது, ஊர்க் காது அடைத்தது, அவள் மறந்துபோனாள்.

இறக்கம் என்று ஒன்று ஆரம்பித்துவிட்டால் அதற்கு ஆள் தானாக வரும். புதிதாகப் பிள்ளை பெற்ற சுகந்தி வந்து, குழந்தை திடுக்குத் திடுக்கென்று முழிக்கிறது, அந்த அக்காளை ஒரு மயிரிழை குறையுங்கள் என்றாள். டியூஷன் எடுக்கும் நடராசு வாத்தியார் வந்தார். கடைக்காரர் வந்தார். இப்படிப் பத்துப்பேர் வந்து பத்து மயிரிழை கேட்டார்கள், மைனாவதி முகத்தாட்சண்யத்துக்குப் பத்தையும் இறக்கினாள். கடைசியாகக் குழந்தைவேலு வந்தார். கீழ்த்தெருவுத் தறிக்கூட முதலாளிகளுக்கெல்லாம் தலைவர் அவர், மைனாவதியும் துளசிமணியும் குடியிருந்த வரிசையில் பன்னிரண்டு லைன் வீட்டுக்கும் சொந்தக்காரர் அவர். பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னம்மிணி, நெம்ப அழகா இருக்குதே, நானொருக்கா தொட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் ஆள்காட்டி விரலை ஐந்தாம் நாடாவின் மேல் வைத்து அடிவரைக்கும் அமுக்கினார். அமுக்கிவிட்டு மைனாவதியைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்காரராயிற்றே என்று அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் போன கையோடு அவள் நாடாவை மேலே தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை.

மறுநாள் காலையில் துளசிமணி கதவைத் தட்டினாள். நேற்றுவரை சற்று இறங்கிய குரலாக இருந்தது இன்று இல்லவே இல்லை. வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்தது, காற்றுக்கூட வெளியே வரவில்லை. பின்னால் கூடத்துப் பெண்கள் பத்துப்பேர் நின்றார்கள். துளசிமணி நேராகப் பலகைக்குப் போனாள், அடியில் கிடந்த ஐந்தாம் நாடாவைப் பார்த்தாள், அதன் கீழே ஒட்டியிருந்த தன் பெயரைப் பார்த்தாள், மைனாவதியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சுருளிலிருந்து புது டேப் ஒரு துண்டு கிழித்து, பேனாவை எடுத்து, 'தூக்கு' என்று ஒரே சொல் எழுதி மைனாவதியின் நெற்றியில் ஒட்டினாள்.

பேச்சுவார்த்தைக்குப் பதினாறு நாள் இருந்தது. மைனாவதி அந்தப் பதினாறில் ஒன்பதைப் பலகையோடு மல்லுக்கட்டியே தொலைத்தாள். கேபிளை மாற்றினாள். கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையில் மாட்டியிருந்ததைப் பின்பக்கத்துக்கு மாற்றினாள். டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாக இறக்கினாள். சாஃப்ட்வேருக்குள் போய், உள்ளே வருகிற வழியும் வெளியே போகிற வழியும் ஒரே பலகைக்குத்தான் என்று கொடுத்திருக்கிறதா என்று பார்த்தாள், கொடுத்திருந்தது. இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கிக்கொண்டே சுவிட்சைப் போட்டால் பலகை தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும், அதையும் செய்தாள். ஏழு நாடா ஏறி இறங்கிக் கும்மியடித்தன, ஐந்தாவது மட்டும் கூட்டத்தில் சேராத பிள்ளையாக அடியிலேயே கிடந்தது. மூடியைக் கழற்றினாள். தறி ஊரில் பஞ்சு போகாத இடம் இல்லை, குழிவுக்குள்ளிருந்து ஒரு கைப்பிடிப் பஞ்சு வந்தது. காது குடையும் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் தண்டவாளத்தைத் துடைத்தாள். பளபளவென்று ஆனது, நகரத்தான் இல்லை. டேப்பைப் பிய்த்து வேறு நாடாவில் 'துளசிமணி' என்று ஒட்டினால், அந்த நாடாவும் தடாரென்று அடிக்கு இறங்கிப் படுத்துக்கொண்டது.

கடைசியில் கோயம்புத்தூரில் இந்த மாதிரிப் பலகை பழுது பார்க்கும் சம்பந்தம் என்ற ஆளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அஞ்சாவது நாடாவுக்கு மேல ஒரு செகப்பு லைட்டு இருக்குதுங்களா?" என்று கேட்டார் சம்பந்தம்.

"எரியுதுங்க. ஒம்பது நாளா அணையவே இல்லீங்க."

"அப்ப மேல யாரோ வெரலு வெச்சிருக்கறாங்க. ஆள் வெரலு படறதைத் தெரிஞ்சுக்கற கட்டைங்க அது. வெரலு மேல இருக்கறவரைக்கும் மோட்டாரு எதுத்து நிக்காது. எடுத்தாத்தான் ஏறும்."

"நானொருத்திதான் இந்த ரூம்புல இருக்கறனுங்க. என்ற கை ரெண்டும் போன்லதான் இருக்குது."

"அப்ப எர்த் சரியில்லீங்க. எர்த்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கொல்லையில் குழி தோண்டி, உப்பும் அடுப்புக்கரியும் போட்டு, கம்பியிறக்கித் தண்ணீர் ஊற்றிப் புது எர்த் கொடுத்தாள். விளக்கு அணையவில்லை. கையெல்லாம் கரியோடு பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் புரிந்தது. எர்த்தில் ஒரு கோளாறும் இல்லை. விரல்தான். குறைக்கச் சொன்னவர்கள் எல்லோரும் குறைத்த பிறகு விரலை எடுக்கவே இல்லை. அவரவர் வீட்டில் சோறு பிசைந்துகொண்டும் பல் விளக்கிக்கொண்டும் இருக்கிறார்கள், விரல் மட்டும் இங்கே கிடக்கிறது. அடியிலும் அடியாகக் கிடப்பது தன்னுடைய விரல் என்று தெரிந்ததும் அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள், முகத்தைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

துளசிமணி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். மைனாவதி நின்றுகொண்டே சொன்னாள்: "மொதல்ல எறக்குனது நாந்தான் துளசி. என்ற ரெக்கார்டிங்குக்கு நீ இடைஞ்சலா இருந்தே. சாயங்காலம் தூக்கோணும்னு இருந்தேன், மறந்துட்டேன். மறந்தேன்னு சொல்றதும் பாதிப் பொய்யி. சத்தமில்லாம இருந்தது எனக்கு நல்லா இருந்துச்சு. இப்ப எடுத்துடறேன்."

துளசிமணியின் தொண்டையில் என்னமோ அடைப்பு விட்ட மாதிரி ஒரு செருமல் வந்தது. பத்து நாளுக்குப் பிறகு வந்த முதல் சத்தம் அது. அவள் முறத்தைக் கீழே வைத்தாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், வா என்று கையைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். மன்னிப்பு என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை, அதற்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை.

இரண்டு பேரும் வீடு வீடாகப் போனார்கள். சுகந்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே, "அக்கா, புள்ள தூங்குனாப் போதும்னுதான் சொன்னனுங்க, நானும் நாளைக்கு அதே கூடத்துக்குத்தான் வேலைக்கு வரோணும், எடுத்துட்டனுங்க" என்று விம்மினாள். துளசிமணிக்கு மூச்சுச் சத்தம் வந்தது. நடராசு வாத்தியார் பேப்பருக்குப் பின்னாலிருந்தே, "எடுத்தாச்சு எடுத்தாச்சு, போங்க" என்றார்; ஒன்றும் வரவில்லை. துளசிமணி பேப்பரைப் பிடுங்கி மடித்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னாலேயே நின்றாள். வாத்தியார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், வேறு பார்க்க இடமில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தார், "தப்புதானுங்க" என்றார், அப்போதுதான் வந்தது. கடைக்காரர் எடைத்தட்டைத் துடைத்துக்கொண்டே எடுத்தார். முகம் பார்த்துச் சொன்னால்தான் விரல் எழும்பும் என்று ஊருக்குத் தெரிந்துபோனது, அதன் பிறகு சிலர் தாங்களாகவே வாசலுக்கு வந்து நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒன்பது பேர் ஆயிற்று. பத்தாவது யார் என்று துளசிமணி சைகையில் கேட்டாள்.

மைனாவதி துளசிமணியின் வீட்டு வாசலைக் காட்டினாள். "உன்ற ஊட்டுக்காரருதான் துளசி" என்றாள்.

துளசிமணியின் புருஷன் சென்னியப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே போய் நின்றதும் விஷயம் தெரிந்துவிட்டது அவருக்கு. "மொதலாளிகிட்ட நானும்தான் வேலை பாக்கறேன். தெனமும் என்னையக் கூப்பிட்டு, உன்ற பொண்டாட்டி வாயைக் கட்டி வெக்கத் தெரியாதான்னு கேட்டா நான் என்ன பண்ணட்டும்?" என்று கத்தினார். அவள் நின்றாள். பீடி அணைந்தது. "நீ தண்ணி குடிக்காம இருந்து, சாமத்துல வயித்தைப் புடிச்சுட்டு சுருண்டு கெடந்ததை நாம் பாத்தனே" என்று தரையைப் பார்த்துச் சொன்னவர், தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்து, "எடுத்துட்டேன் சாமி" என்றார். பத்துப்பேர் விரலிலும் கனமான விரல் அதுதான். துளசிமணி அவரைத் திட்ட வாயைத் திறந்தாள், கிசுகிசுவென்று ஒரு குரலும் வந்தது, ஆனால் என்ன திட்டினாள் என்று கட்டிலுக்கு எட்டவில்லை.

மிச்சம் இருந்தது குழந்தைவேலு. கூடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே தறி அடிக்க, மைனாவதி கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"வெரலை எடுங்கண்ணா!"

"என்ன வெரலும்மிணி? இந்தா பாரு, ரெண்டு கையும் உன்ற முன்னாலதான் இருக்குது." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வலது ஆள்காட்டி விரலின் நுனி மட்டும், எதையோ விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கும் விரல் மாதிரி, ரத்தம் செத்து வெளுத்திருந்தது. "நீ குடியிருக்கறது என்ற ஊட்டுல. பொட்டியை வெச்சுப் பொழைக்கறதும் என்ற ஊட்டுல. மறந்துட்டியாட்டத் தெரியுது. காலி பண்ணச் சொல்ல எனக்கு எத்தனை நேரமாகும்?"

மைனாவதி இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவி அவர் மடியில் போட்டாள். "இந்தாங்க. உங்களுக்கு நேரமே ஆக வேண்டாம். பொட்டி எனக்கு எங்க வெச்சாலும் ஓடும்" என்றாள். திரும்பி நடந்தாள், வீட்டில் இருந்த சாமானையெல்லாம் அன்று மத்தியானமே பூண்டு ராஜகண்ணுவின் வண்டியில் ஏற்றி, சுகந்தி வீட்டு முன்னறையில் இறக்கினாள்.

புரட்டாசி மின்தடை நாள் வந்தது. ஒன்பது மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக நின்று, ஊர் மெல்லக் காது திறந்துகொண்டபோது, தாலுகா ஆபீஸுக்குப் போகும் ரோட்டில் முந்நூறு பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் சும்மாடு கட்டிய இரண்டு பெண்கள் ஒரு பலகையில் இன்வெர்ட்டர் பேட்டரியை வைத்து ஆளுக்கொரு பக்கமாகத் தலையில் தாங்கிவர, அதன் பின்னால் ஒருத்தி கம்ப்யூட்டரையும் ஒருத்தி ஒயர்ச் சுருளையும் தூக்கிவர, நடுவில் மைனாவதி கண்ட்ரோல் சர்ஃபேஸைக் கைப்பிள்ளையாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள், ஒட்டினாற்போல் துளசிமணி வந்தாள். ரோட்டோரம் நின்றவர்கள் கும்பிட்டு வழி விட்டார்கள்.

கூட்ட அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் குழந்தைவேலுவும் ஏழு முதலாளிகளும், தலைமாட்டில் தாசில்தாரம்மா. மைனாவதி பலகையை மேஜை நடுவில் வைத்து, கம்ப்யூட்டரில் மாட்டி, பேட்டரியிலிருந்து இணைப்புக் கொடுத்தாள். ஏழு நாடாக்கள் எழுந்து தங்கள் இடத்தில் நின்றன, ஐந்தாவது அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில், சிவப்பு விளக்கோடு நின்றது.

"இது என்னம்மா?" என்றார் தாசில்தாரம்மா.

"குரலுக்கான பொட்டிங்கம்மா" என்று கிளார்க்கே பதில் சொன்னார். அவருடைய மாமியாரும் ஆவணியில் அதில் இருந்தவர்தான். சொல்லிவிட்டு, 'மனுதாரர் தரப்பில் எட்டு நாடா கொண்ட பெட்டி ஒன்று முன்வைக்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

குழந்தைவேலு சாய்ந்து உட்கார்ந்தார். "பேசறதுக்கு ஆளு போட்டிருக்கறாங்கன்னாங்க. பேசச் சொல்லுங்கம்மா, கேப்போம்."

துளசிமணி எழுந்து பேசினாள். உதடு மட்டும் அசைந்தது. இரண்டு முதலாளிகள் கையைக் காதில் வைத்துச் சாய்ந்து காட்டிச் சிரித்தார்கள். தாசில்தாரம்மா, "கேக்கலியேம்மா, சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

மைனாவதி கட்டைவிரலை ஐந்தாம் நாடாவின் கீழே கொடுத்து மேலே தள்ளினாள். பாறையைத் தள்ளுவது போலிருந்தது. இன்னும் தள்ளினாள். நாடா ஒரு மயிரிழை ஏறியது, மேஜைக்கு அந்தப் பக்கத்தில் குழந்தைவேலுவின் ஆள்காட்டி விரல் தானாக ஒரு மயிரிழை எழும்பியது. எல்லோரும் பார்த்தார்கள். அவர் இடது கையால் அந்த விரலைப் பிடித்து மேஜையில் அமுக்கினார், நாடா இறங்கியது. மைனாவதியின் நகத்தில் ரத்தம் கசிந்தது. அவள் விடவில்லை. இத்தனை காலம் வாடகைக்காரியாகத் தலையைக் குனிந்த கோபமெல்லாம் அவளுக்குக் கட்டைவிரலில் வந்து நின்றது. துளசிமணி குனிந்து தன் கட்டைவிரலையும் பக்கத்தில் கொடுத்தாள். சுகந்தி எட்டி ஒரு விரல் கொடுத்தாள். இடமில்லாதவர்கள் முன்னால் நின்றவள் முதுகில் கை வைத்தார்கள், அவர்கள் முதுகில் பின்னால் நின்றவர்கள் வைத்தார்கள், வாசல் தாண்டி மரத்தடி வரைக்கும் முந்நூறு பேரும் ஒருத்தி முதுகில் ஒருத்தி கை வைத்துத் தள்ளினார்கள். பலகைக்குள் மோட்டார் இரைந்தது, வயர் தீய்கிற வாடை வந்தது. எதிர்த்து நிற்காது என்று கோயம்புத்தூரில் சொன்ன அந்த மோட்டார் அன்றைக்கு எதிர்த்து நின்றது. குழந்தைவேலுவின் விரல் எழுந்தது, நிமிர்ந்தது, பின்னால் வளைந்தது. "ஐயோ எடுத்தர்றேன், எடுத்தர்றேன்" என்று அவர் அலறியபடி கையை உதறினார்.

சிவப்பு விளக்கு அணைந்தது. நாடா எழும்பி, முக்கால் கோட்டைத் தாண்டி, குழிவின் உச்சியில் போய் டக்கென்று முட்டி நின்றது.

"மொதலாவது," என்றாள் துளசிமணி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தறி நின்ற ஊர் அது, தடுக்க ஒரு சத்தம் இல்லை. வாய்க்கால் வரைக்கும், ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் அவள் குரல் போனது. "ஒவ்வொரு கூடத்துலயும் பொம்பளைகளுக்குக் கக்கூஸ் வேணும். அதுக்குக் கதவு வேணும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா வேணும். தண்ணி வேணும். அடுத்த பண்டிகைக்கின்னு சொல்லக் கூடாது, இந்த மாசம் வேணும்."

கிளார்க் எழுதினார். தாசில்தாரம்மா காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, எழுதியதைச் சரிபார்த்தார். முதலாளிகள் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள். அவர் விரலைத் துண்டில் சுற்றிக்கொண்டு, மேஜைக்கு மேலாக மைனாவதியின் பக்கம் சாய்ந்து, இதுநாள்வரை அவளிடம் காட்டாத மரியாதையோடு பேசினார்.

"அம்மிணி, கொஞ்சம் கொறைங்க. காது வலிக்குது. நாலு கோடு போதும், கொறைச்சுட்டுப் பேசுவோம். ஊட்டுச் சாவியை வேணும்னாத் திருப்பித் தந்தர்றேன்."

மைனாவதி பலகையைப் பார்த்தாள். இணைப்பு இருக்கிறவரை எவன் விரலும் அதன் மேல் வரலாம், எவள் முகத்தாட்சண்யமும் அதை இறக்கலாம், அவளுடையதும்கூட. கரண்ட் போனால் நாடாக்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும், அப்புறம் அதைத் தள்ளுவதும் ஒன்று மேஜையைத் தள்ளுவதும் ஒன்று, யார் குரலும் அசையாது. அந்தப் பலகையை இனி மாட்டாவிட்டால் அவளுக்குத் தொழிலில் பாதி இல்லை, ஊரில் இருந்த மதிப்பில் முக்கால் இல்லை. அவள் ஒயரைப் பேட்டரியிலிருந்து பிடுங்கினாள், பலகையிலிருந்தும் பிடுங்கினாள், பிடுங்கியதைச் சுருட்டிக் குழந்தைவேலுவின் முன்னால் வைத்தாள்.

"ரெண்டாவது," என்றாள் துளசிமணி.